படுக்கையருகே எடுத்த அல்ட்ராசவுண்டை நம்பி மூக்கில் செருகிய உணவூட்டும் குழாயை எடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். 72 வயதான என் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்து 5 வாரங்கள் ஆகின்றன; மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் ஆகாரம் போகிறது. பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் படம்பிடிக்கும் பரிசோதனைக்கு அவரை நிமிர்த்தி உட்காரவைக்க இயலவில்லை. அதனால் விழுங்கல் பயிற்சியாளர் தாடைக்கு அடியில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அசைவு நன்றாக இருப்பதாகச் சொன்னார். இனிக் குழாயை எடுத்துவிடலாமா?

மறுமொழி (பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர்):
அந்தப் படத்தில் நாக்கும் அதன் அடித்தசைகளும் அசைவது தெரியும். நாக்கின் அடியில் குரல்வளையைத் தாங்கி நிற்கும் நாவடி எலும்பு ஒலி அலைகளைத் தடுப்பதால் அதன் பின்னால் ஒரு கருநிழல் விழும். ஒரு கரண்டித் தண்ணீரை விழுங்கும்போது அந்த எலும்பு மேலும் முன்னுமாக எவ்வளவு நகர்ந்து திரும்புகிறது என்பதைத்தான் அளக்கிறோம். நகர்வு குறைவாக இருந்தால், குரல்வளை போதிய அளவு உயரவில்லை, உணவுக்குழாயின் மேல்வாய் சரியாகத் திறக்கவில்லை என ஐயுற இடமுண்டு. கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே எலும்பின் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பார்ப்பவரின் கைப்பழக்கமும் முடிவை மாற்றும். கதிர்வீச்சு இல்லாததால், பயிற்சி பலனளிக்கிறதா என்று வாரந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் வசதியானது.

மறுமொழி (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
மேலே சொன்னது சரி. ஆனால் அசைவு நன்றாக இருப்பதும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமலிருப்பதும் ஒன்றல்ல. மூச்சுக்குழாயில் நிறைந்திருக்கும் காற்றைத் தாண்டி ஒலி அலை செல்லாது. ஆகவே உள்ளே இறங்கிய துளியை இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கவாத நோயாளிகளில் சிலருக்குத் தொண்டை உணர்வு மங்கி, இருமலோ புரையேறுதலோ இல்லாமலேயே உணவு நுரையீரலுக்குச் சென்று நிமோனியாவில் முடிவதுண்டு.

எக்ஸ்ரே இயலாவிட்டால், மூக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி விழுங்குவதைப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அதைப் படுக்கையருகிலேயே செய்யலாம். விழுங்கும் அந்தக் கணத்தில் மட்டும் அதில் காட்சி வெளுத்து மறையும். அந்த இடைவெளியைப் பற்றி அல்ட்ராசவுண்ட் ஓரளவு சொல்லும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே என் வழக்கம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்பா ஒருமுறைகூட இருமவில்லை என்பதையே நல்ல அறிகுறியாக எண்ணியிருந்தேன். எண்டோஸ்கோபி முடியும்வரை குழாய் இருக்கட்டும். வாய்வழியாக எதுவும் கொடுக்க மாட்டேன்.