பழைய கார்மின் நூவியில் ஓஎஸ்எம் மேப்: போட்டவர்கள் சொல்வது

காரில் வழி காட்டும் பழைய ஜிபிஎஸ் கருவியான நூவியைத் தூக்கிப் போட வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் (ஓஎஸ்எம்) என்ற, மக்களே சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடத்தின் தரவிலிருந்து கார்மினுக்கென்று செய்த மேப் கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. மெமரி கார்டில் கார்மின் என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஜிமேப்சப்.ஐஎம்ஜி (gmapsupp.img) என்ற பெயரிலேயே வையுங்கள். பழைய மாடல்கள் வேறு பெயரைக் கண்டுகொள்ளாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வரும், நூவி படிக்காது. 8 ஜிபி கார்டு, ஃபேட்32 ஃபார்மட், தென்னிந்தியா மட்டும்: தாராளமாகப் போதும்.

---

மேப் ஏறியபின் செட்டிங்ஸில் மேப் இன்ஃபோவுக்குப் போய் கம்பெனி மேப்பின் டிக்கை எடுத்துவிடுங்கள் சார். இரண்டும் ஆனில் இருந்தால், பல நேரம் பழைய மேப்பே மேலே நிற்கும். புது பைபாஸ் கண்ணிலேயே படாது. ஊர்ப்பெயர் கட்டங்கட்டமாக வந்தால், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஓஎஸ்எம் தரவை கார்மின் மேப்பாக மாற்றும் எம்கேஜிமேப் மென்பொருளில் நீங்களே மேப் செய்வதானால், பெயர் வரிசையில் ஆங்கிலப் பெயரை முதலில் கொடுங்கள். ரூட், இண்டெக்ஸ் இரண்டு ஆப்ஷனையும் சேர்க்க மறந்தால் படம் தெரியும். வழியும் சொல்லாது, தேடவும் விடாது.

---

வீட்டு எண் போட்டுத் தேடுவதை மறந்துவிடுங்கள், நம் ஊருக்கு அந்தத் தரவு ஓஎஸ்எம்மில் அரிது. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுப்பதுதான் நம்பகமானது. ஆனால் ஃபார்மட்டைப் பாருங்கள். போனில் வருவது 11.0168 டிகிரி; நூவி வழக்கமாகக் கேட்பது டிகிரியும் நிமிடமும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 11 டிகிரி 1.008 நிமிடம். அப்படியே 11 டிகிரி 01.68 என்று அடித்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் விடும். செட்டிங்ஸில் தசம டிகிரிக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

---

காரில் சாதாரண மினி யுஎஸ்பி கேபிள் போட்டதும் திரையில் கம்ப்யூட்டர் படம் வந்து நிற்கிறதா? கருவி கெடவில்லை. கார்மின் கார் கேபிளில் நாலாவது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். 'இது சார்ஜர்' என்று கருவிக்குச் சொல்வது அதுதான். சாதா கேபிளில் அது கிடையாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த கருவி என்றால், முதல் தடவை வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி வையுங்கள். எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பட்டியல், அதாவது அல்மனாக், முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். கண்ணாடியில் மெட்டல் கலந்த சன் ஃபிலிம் இருந்தால் சிக்னல் இன்னும் தள்ளாடும்.

---

தேதி 1024 வாரம் பின்னால் காட்டினால் பயப்படாதீங்க, 2019 ஏப்ரல் 6-இல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போனதன் விளைவு. ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்க. இல்லாவிட்டாலும் பெரும்பாலும் இடம் சரியாகத்தான் காட்டும்.