மேற்கு வெயிலுக்கு என்ன மரம் வைக்கலாம்? பராமரிப்பு கம்மியா இருக்கணும்

திருச்சி வாசி:
வணக்கம். எங்க வீடு மேற்கு பார்த்த வீடு, முன்னாடி 20 அடி காலியா கிடக்கு. மத்தியானம் ரெண்டு மணியில இருந்து வெயில் நேரா முன் சுவத்துல தான் அடிக்குது, ராத்திரி ஒன்பது மணிக்கு கை வச்சு பார்த்தாக்கூட சுடுது. அம்மா கட்டில் அந்த சுவத்தை ஒட்டித்தான் இருக்கு, பாவம் தூக்கமே இல்ல. நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறதால தினமும் தண்ணி ஊத்தி குப்பை கூட்ட முடியாது. நர்சரியில கோனோகார்பஸ் வைங்க, சீக்கிரம் நிழல் வரும்ங்கறாங்க. வைக்கலாமா? செப்டிக் டேங்க் தெற்கு மூலையில இருக்கு.

புங்க நிழல்:
கோனோகார்பஸ் வேணவே வேணாங்க. வேர் தண்ணிய தேடி பைப்புக்குள்ள போயிடும், குஜராத்ல 2023லயே தடை பண்ணிட்டாங்க. நான் சொல்றது புங்கை. அதோட நிழல் குளுமையே தனி, வறட்சியும் தாங்கும். மாசி பங்குனியில இலை கொட்டும், ஆனா உடனே தளிர் வந்துடும், அக்னி நட்சத்திரத்துக்குள்ள நல்லா அடர்ந்துடும். பூ கொட்டும்போது ரெண்டு மூணு வாரம் வாசல் பூரா வெள்ளையும் ஊதாவுமா கிடக்கும், அந்த நாள்ல மட்டும் கூட்டணும். இலையில சின்ன சின்ன முடிச்சு வந்தா பயந்து மருந்து அடிக்காதீங்க, அதால மரத்துக்கு ஒண்ணும் ஆகாது.

மகிழம்பூ:
குப்பை தான் கவலைன்னா மகிழம் வைங்க. வருஷம் பூரா பச்சையா இருக்கும், மொத்தமா இலை கொட்டாது. பூ காஞ்சாலும் வாசம் போகாது, எங்க பாட்டி துணியில முடிஞ்சு பீரோவுல வைப்பாங்க. ஆனா ரொம்ப மெதுவா தான் வளரும், அம்மாவுக்கு இப்பவே நிழல் வேணும்னா புங்கை தான் சரி. குல்மோகர் மட்டும் வேணாம். 2016 வர்தா புயல்ல சென்னையில சாஞ்சு கிடந்ததை கண்ணால பார்த்தவ நான்.

திருச்சி வாசி:
ரொம்ப நன்றிங்க, அப்போ புங்கை தான். எந்த இடத்துல நடணும்?

புங்க நிழல்:
சுவத்துல இருந்து 12 அடி தள்ளி, வாசலுக்கு நேரா வைக்காம கொஞ்சம் வடக்க தள்ளி வைங்க. கோடையில சூரியன் மேற்குல இருந்து வடக்க சாஞ்சு தான் மறையும், அங்க மரம் நின்னா தான் சாயங்கால வெயில் சுவத்துல படாது. செப்டிக் டேங்குக்கும் தூரமாயிடும். மேல கரண்ட் கம்பி போகுதான்னு பார்த்துக்கோங்க.

மூணு அடிக்கு மூணு அடி குழி, மக்குன தொழு உரம், மழைக்கு முன்னாடி புரட்டாசியில நட்டுடுங்க. பையை கிழிச்சதும் வேரை பாருங்க. நான் மொத தடவை வாங்கின கன்னு பைக்குள்ளயே வேர் சுருண்டு கயிறு மாதிரி சுத்திகிட்டு இருந்துச்சு, தெரியாம அப்படியே நட்டேன், மூணு வருஷம் கழிச்சு ஒரு காத்துக்கே வேரோட சாஞ்சிடுச்சு, மனசே ஆறல. அடியில சுருண்டு இருந்தா கத்தியால வெட்டிட்டு நடுங்க. மொத ரெண்டு கோடைக்கு வாரம் ரெண்டு நாள், ரெண்டு குடம் தண்ணி நின்னு இறங்கற மாதிரி ஊத்துங்க. அதுக்கப்புறம் அது பாட்டுக்கு வளரும். அதுவரைக்கும் சுவத்துக்கு முன்னாடி பச்சை நிழல்வலை கட்டுங்க, அம்மா இந்த கோடையை ஓட்டிடுவாங்க.