ஆகஸ்ட் 6-ஐ ஏர்வாடியில் ஊர் கூடி நினைவுகூர வேண்டுமா?

கடலோரத்தான்:

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா இருக்கிற நம் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தவர்களால் வெளியே ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த நாளை ஊர் கூடி நினைவுகூர வேண்டும் என்று எங்கள் தெரு இளைஞர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாலை நேர அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையிலிருந்து ஒரு நடைப்பயணம். பக்கீர்கள் அடிக்கும் தப்ஸ் மேளம். ஒரு வீதி நாடகம். சிகிச்சையில் தேறியவர்கள் விரும்பினால் அவர்களே பேசலாம். இரவில் கந்தூரிச் சோறு. சிகிச்சைக்கு வந்திருப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தார், ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பந்தியில். நம் தர்காவின் சந்தனக்கூடு விழா என்றால் மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிறார்கள். சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிற ஊர் நம்முடையது. அந்தப் பண்பாடு மனநோயாளியின் உரிமைக்கும் துணை நிற்கட்டுமே. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தர்கா தெரு வியாபாரி:

தம்பி, எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அந்தக் காப்பகத்தை நடத்தியது தனியார். பழியைச் சுமந்தது ஊர். மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போனால், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு எதிரே இருப்பவர் சிரிக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஏசுவதற்கு நம் ஊரின் பெயரைச் சொல்கிறார்கள். மதீனாவிலிருந்து வந்த சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீது பாதுஷா அடங்கியிருக்கும் இடம், சேதுபதி மன்னர்கள் நிலம் கொடுத்துப் போற்றிய இடம் என்பதெல்லாம் வெளியே யாருக்கும் நினைவில்லை. தீ மட்டும் நினைவிருக்கிறது. அதை ஆண்டுதோறும் நாமே தப்ஸ் அடித்து அறிவிக்க வேண்டுமா? இறந்தவர்களுக்கு வீட்டில் பாத்திஹா ஓதுங்கள், நானும் ஓதுகிறேன். தெருவுக்குக் கொண்டுவர வேண்டாம்.

இராமநாதபுரம் வழக்கறிஞர்:

நானும் எதிர்க்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்தத் தீக்கு முன்பே இருந்தது. உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. ஏட்டில் இருந்த சட்டத்தை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சங்கிலியிட்ட 25 பேரின் மரணம் என்றே அந்த வழக்குக்குப் பெயர். இறந்தோர் எண்ணிக்கை பின்னர் 28 ஆனது. இன்றைய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் ஒரு மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. 19-ஆம் பிரிவு அவர் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. 27-ஆம் பிரிவு இலவசச் சட்ட உதவியைத் தருகிறது.

இவை நடக்கின்றனவா என்று கேட்பதுதான் நினைவஞ்சலி. விழா எடுத்தால் அதிகாரிகள் வருவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் நோயாளிகள் தங்கும் விடுதி அறைகளைச் சோதனையிட யார் வருவார்கள்? உரிமை கேட்க வேண்டிய இடத்தில் சோறு போட்டு அனுப்பிவிடுகிற பழக்கம் நம் நாட்டில் அதிகம்.

கீழக்கரை லாத்தா:

வழக்கறிஞர் ஐயா, சட்டப் பிரிவுகளை எழுதியதற்கு நன்றி. அவற்றை நான் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் சோறு போட்டு அனுப்பிவிடுகிற பழக்கம் என்று நீங்கள் எழுதியது என்னைச் சுட்டது. எங்களுக்கு அந்தச் சோறுதான் கிடைக்கவில்லை.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வந்தது. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பான், இரவெல்லாம் நடப்பான். வாப்பா அவனைப் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினார். சங்கிலி இல்லை, ஆனால் பூட்டு இருந்தது. பிறகு தர்காவுக்கு அழைத்துச் சென்றோம், அங்கிருந்து மருத்துவரிடமும் போனோம். மாத்திரை சரிப்பட்டு வர நெடுநாள் ஆனது. இப்போது கடைக்குப் போய்க் கணக்கு எழுதுகிறான். கைகள் சற்று நடுங்கும், பேச்சு மெதுவாக வரும், அவ்வளவுதான்.

அவன் தேறிய பிறகும் எங்களுக்கு நிக்காஹ் அழைப்பு வந்தால் கூடவே ஒரு சொல்லும் வரும்: தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். சொந்த மாமி சொன்னது இது. ஒரே சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நான்கு பேர் சேர்ந்து உண்பது எங்கள் வழக்கம். அவன் உட்கார்ந்த சஹனில் நான்காவது ஆள் வந்து உட்கார்ந்ததில்லை. இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? எந்த வாரியம் வந்து என் மாமியைச் சோதனையிடும்? ஊர் பார்க்க, ஊரின் பெரியவர்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும். அது ஒருமுறை நடந்தால் அடுத்த திருமணத்தில் மாமிக்கு அந்த வாய் வராது. எனக்கு இந்தப் பந்தி வேண்டும்.

ஆனால் கடலோரத்தான் தம்பிக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். நாடகத்தில் யாரையும் சங்கிலியால் கட்டிக் காட்டாதீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு. கூட்டத்தில் நிற்கும் சிலருக்கு அது அப்படி இருக்காது.

பாம்பன் செவிலி:

லாத்தா சொன்ன வழியில்தான் இங்கே பெரும்பாலான குடும்பங்கள் வருகின்றன, முதலில் தர்கா, பிறகு மருத்துவம். இதைக் குறையாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: குஜராத்தில் உனாவா ஊரின் மீராதாதார் தர்காவில் தொடங்கிய ‘தவா–துவா’ முறை ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லாமல் மருந்தையும் அருகிலேயே கொடுப்பது அதன் வழி. தர்கா மீதுள்ள நம்பிக்கை மருந்தின் மீதும் படிகிறது, மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது குறைகிறது. மனநோய் சிகிச்சையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இது ஒரு மதத்தின் விவகாரமும் அல்ல. திருச்சி மாவட்டத்தில் குணசீலம் பெருமாள் கோவிலில் மனநோயாளிகளைத் தங்கவைத்து 48 நாள் வழிபடுகிறார்கள். தமிழ்நாட்டின் இன்னொரு கோவிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் புள்ளிகள் சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. நிழலும் மரியாதையும் கொடுத்து, குடும்பத்தார் ஒருவரை உடன் தங்கவைத்து, கோவிலின் சிறு வேலைகளையும் கொடுத்தார்கள். மருந்துக்கு மாற்று என்று இதை நான் சொல்லவில்லை. ஏற்றுக்கொள்ளும் இடம் நோயின் மீதே வேலை செய்கிறது என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

எனவே நிகழ்வு வேண்டும் என்பதே என் கருத்து. அன்று மருந்துச் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஓரமாக ஒரு மேசை போட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர ஆளை அமர்த்துங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் ஊனமாகச் சேர்ந்திருப்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது.

தர்கா தெரு வியாபாரி:

செவிலி அம்மா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பந்தி வையுங்கள், மேசை போடுங்கள். ஆனால் அந்த நாளில் வேண்டாம். அக்டோபர் 10 உலக மனநல நாள் இருக்கிறது. உலகமே கொண்டாடும் நாளில் நாமும் செய்தால் ஊருக்குப் பெருமை. இறந்த நாளைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

சாயல்குடி ஆசிரியர்:

அக்டோபர் 10-இல் பள்ளியில் உறுதிமொழி வாசிக்கச் சுற்றறிக்கை வரும். வாசிப்போம், கலைவோம். அந்த உறுதிமொழியில் ஏர்வாடி என்ற சொல்லே இருக்காது. பக்கத்து ஊரில் நடந்ததை என் மாணவர்கள் அறியாமலே பள்ளியை முடித்துவிடுகிறார்கள்.

கடலோரத்தான்:

வியாபாரி காக்கா (அண்ணன்), நாள் பற்றிய உங்கள் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் மக்கள் அங்கே திரள்கிறார்கள். அதனால் அந்த ஊரின் பெயர் கெட்டதா? கூலி உயர்வு கேட்டவர்களின் ஊர் என்றுதான் தமிழ்நாடு அதை அறிந்திருக்கிறது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆண்டுதோறும் அந்தப் பள்ளி வாசலில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அங்கும் கீற்றுக் கூரைதான் எரிந்தது. நம் ஊர்த் தீக்கும் அதற்கும் இடையில் மூன்று ஆண்டுகூட இல்லை. ஏர்வாடியின் 28 பேரைத் தமிழ்நாடு உரக்க நினைத்திருந்தால், ஒவ்வொரு கீற்றுக் கூரையையும் யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியூரில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றீர்கள். அந்தச் சிரிப்பு தீயைப் பார்த்து வருவதன்று, மனநோயைப் பார்த்து வருவது. அதே சிரிப்புதான் லாத்தாவின் தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறது. நாம் ஒளிந்துகொண்டால் அது ஓயப்போவதில்லை.

வழக்கறிஞர் ஐயா, அதே வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளில் ஒன்று, சங்கிலியிடுவது குற்றம் என்பதைக் கிராமங்கள்வரை கொண்டுசெல்லும் விழிப்புணர்வு இயக்கம். 2017 சட்டத்தின் 30-ஆம் பிரிவும் மனநோய் மீதுள்ள இழிவைப் போக்கும் திட்டங்களை அரசின் கடமையாக்குகிறது. சட்டமே கேட்பதை ஊர் முன்வந்து செய்தால் நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

இராமநாதபுரம் வழக்கறிஞர்:

அந்தக் கட்டளையை முழுவதும் படியுங்கள், தம்பி. மனநோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கோவில், தர்கா போன்ற இடங்களுக்கு அல்ல என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அதே வாக்கியத்தில் இருக்கிறது. தப்ஸ் ஒலிக்கும் உங்கள் நிகழ்வில் அதை யார் சொல்வார்கள்? நீதிமன்றத்தின் சொல்லைப் பாதி எடுத்துக்கொண்டு பாதியை விடக் கூடாது.

நடத்துவதென்று முடிவெடுத்தால் என் நிபந்தனைகளையாவது கேளுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர்களின் படத்தை அவர்கள் ஒப்புதலின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதை 24-ஆம் பிரிவு தடுக்கிறது, எனவே பந்தியில் கைப்பேசியை எடுக்கவே கூடாது. மாவட்டத்தில் எத்தனை மனநல இல்லங்கள் பதிவு பெற்றிருக்கின்றன, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அன்று எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்று வாசியுங்கள். அது இல்லாத விழாவுக்கு நான் வரமாட்டேன்.

பாம்பன் செவிலி:

தர்காவுக்குப் போகாதே என்று சொன்னால் அந்தக் குடும்பம் மருத்துவமனைக்கு வராது, வீட்டுக்குத் திரும்பிப் பூட்டு வாங்கும். 2002-இல் எழுதியதை இன்று களத்தில் நிற்கிறவர்களைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள், ஐயா. மற்ற நிபந்தனைகள் அனைத்தும் சரி. தகவல் கேட்கும் மனுவில் நானும் கையெழுத்திடுகிறேன்.

கடலோரத்தான்:

நாடகத்தில் சங்கிலி இருக்காது, லாத்தா. கைப்பேசியும் இருக்காது, மேடையும் இருக்காது. மனுவை இந்த வாரமே எழுதுகிறோம். வழக்கறிஞர் ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் பெரியவர்களிடமும் தர்காவின் பரம்பரை உரிமைதாரர்களான ஹக்தார்களிடமும் பேசப்போகிறோம். அவர்கள் இடம் தர மறுத்தால் கடற்கரையில் நடத்துவோம்.

தர்கா தெரு வியாபாரி:

பெரியவர்களிடம் நானும் வருவேன். என் எதிர்ப்பை அங்கேயும் சொல்வேன்.

கீழக்கரை லாத்தா:

சொல்லுங்கள் காக்கா, அது உங்கள் உரிமை. எந்த நாளில் வைத்தாலும் நான் என் தம்பியை அழைத்து வருவேன். அவன் சஹனில் நானும் என் கணவரும் சேர்ந்தால் மூன்று பேர். நான்காவதாக யார் உட்காருவீர்கள் என்று இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தர்கா தெரு வியாபாரி:

நான் உட்காருகிறேன், மகளே. ஆகஸ்ட் 6 வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.