எண்ணெய் காய்ந்தது எப்படித் தெரியும்? பார்வையற்றோரின் சமையலறை அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

உறவினர் வீட்டு விசேஷங்களில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. "எண்ணெய் காய்ந்தது உனக்கு எப்படித் தெரியும்?" கேட்பவர்களும் ஒரு கடுகைப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன். கடுகு உடனே வெடித்தால் மீதியைப் போடலாம். வெடிப்பு ஓயும்போது உளுத்தம்பருப்பு, அது சிவந்த வாசனை வந்ததும் கறிவேப்பிலை. இதில் கண்ணுக்கு என்ன வேலை?

பயப்பட வேண்டியது அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்துக்கு மட்டும்தான். பாத்திரத்தை வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். அணைந்திருக்கும் அடுப்பில் தாங்கியின் கால்களைத் தடவி, வாணலி நடுவில் உட்கார்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் லைட்டரைக் கையில் எடுப்பேன். எங்கள் வீட்டு அடுப்பில் குமிழை அழுத்தி இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் முழுத் தீ. இன்னும் கால் சுற்றுப் போனால் சிம். தீயின் இரைச்சலும் கூடவே குறையும். 'பக்' என்ற சத்தம் வராமல் நாற்றம் மட்டும் வந்தால் மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து காத்திருப்பேன். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். ஆக, கண் இருப்பவர்களும் கசிவை மூக்கால்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தோசைக்கு இடக்கை கல்லின் கைப்பிடியில் இருந்தால் போதும், நடு எங்கே என்பது வலக்கைக்குத் தெரிந்துவிடும். மாவைத் தேய்க்கும்போது கரண்டியின் அடி மாவில் வழுக்குகிறதா, கல்லில் உரசுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு தோசைத் திருப்பியால் விளிம்பை வருடிப் பார்ப்பேன். முறுகியிருந்தால் சரசரக்கும், வேகாதது திருப்பியோடு இழுபட்டு வரும். 2012இல் அமெரிக்க மாஸ்டர்செஃப் போட்டியில் வென்ற கிறிஸ்டீன் ஹா பார்வையற்றவர். தான் சுட்ட ஆப்பிள் பை வீணாகிவிட்டது என்று அவர் கலங்கி நின்றபோது, நடுவர் கோர்டன் ராம்சே அதன் மேலோட்டைக் கத்தியால் சுரண்டி அந்த மொறுமொறுப்பைக் கேட்கச் செய்தார். தோசை சுடும் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான் அது.

கோவையிலிருந்து:

அக்கா, முழுவதும் பார்வை போகாதவர்களின் பாடு வேறு. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். அந்தி வெளிச்சத்தில் தடுமாற்றமாகத் தொடங்கியது. இப்போது நேர் எதிரே ஒரு சிறு வட்டம் மட்டும் தெரிகிறது. எனக்கு இருட்டைவிடப் பெரிய தொல்லை எவர்சில்வர்! விளக்கு பட்டுக் கூசினால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. கறுப்புப் பலகையில் வெங்காயம், வெள்ளைத் தட்டில் கடுகும் மிளகும் என்று வைத்துக்கொண்ட பிறகு வேலை பாதியாகிவிட்டது.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீயே கிடையாது, பாதுகாப்பு என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் வழவழப்பான பரப்பில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தடவினாலே அது இயங்கிவிடும். மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளைப் பொத்தானுக்குச் சற்றுக் கீழே ஒட்டிச் சமாளிக்கிறேன். குமிழ் வைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

கத்தியா, அரிவாள்மனையா? என் கட்சி அரிவாள்மனை. அலகு ஓரிடத்தில் நிற்கும். அசைவது என் கைகள்தான், அவை எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். கத்தி பழகியவர்கள் வெங்காயத்தை இரண்டாக்கித் தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து, விரல்களை உள்ளே மடக்கி, அலகை விரல் முட்டியில் உரசவிட்டு நறுக்குகிறார்கள். அதுவும் நல்ல முறைதான்.

கத்தரிக்காயில் மட்டும் நான் வீம்பு பிடிப்பதில்லை. தோலில் உள்ள துளை விரலுக்குத் தட்டுப்படும், உள்ளே இருக்கும் புழு எப்போதும் தட்டுப்படாது. வீட்டில் யாரும் இல்லையென்றால் 'பி மை ஐஸ்' செயலியில், வீடியோ அழைப்பில் வரும் தன்னார்வலரிடம் நறுக்கிய துண்டுகளைக் காட்டுவேன். ஒருமுறை அப்படி வந்த அம்மா கத்தரிக்காயை விட்டுவிட்டு, என் அரிவாள்மனையைப் பார்த்துப் பதறிப்போனார்.

உண்மையான ஆபத்து தீயும் அல்ல, அரிவாளும் அல்ல. உதவி செய்ய வரும் விருந்தாளி! மஞ்சள்தூள் டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், மிளகாய்த்தூளுக்கு இரண்டு, மல்லித்தூளுக்கு மூன்று என்று போட்டு வைத்திருந்தேன். நாத்தனார் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அழகாக அடுக்கிவிட்டுப் போனார். ரப்பர் பேண்டுகள் ஒரு கிண்ணத்தில் பத்திரமாக இருந்தன. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததில் தும்மல்தான் மிச்சம். கல்லுப்பு மட்டும் தப்பித்தது. அதை எந்த டப்பாவில் போட்டாலும் விரல் சொல்லிவிடும்.

சேலத்திலிருந்து:

எனக்குப் பார்வை உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. சமைப்பதை விடமாட்டேன் என்கிறார். தினமும் பால்தான் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து:

தம்பி, அம்மா சமைக்கட்டும். ஆனால் ஒன்றை முதலில் கவனியுங்கள். சர்க்கரை நோயில் பலருக்கு விரல் நுனி மரத்துப்போகும். அப்படி இருந்தால், ஈர விரலால் இட்லியைத் தொட்டுப் பார்ப்பது, அரிசிக்கு மேல் நிற்கும் தண்ணீரை விரல் கணுவால் அளப்பது போன்ற யோசனைகளில் சூடு சம்பந்தப்பட்டவை எதுவும் அவருக்கு வேண்டாம். சூடு உறைப்பதற்குள் கை வெந்துவிடும். இட்லியில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்து, மாவு ஒட்டியிருக்கிறதா என்று அது ஆறிய பிறகு தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலுக்குப் பாத்திரக் கடையில் பால் குக்கர் கேளுங்கள். இரட்டைச் சுவர் வைத்தது. நடுவில் தண்ணீர் ஊற்றி விசிலை மாட்டினால், தண்ணீர் கொதித்ததும் ஊதும். பால் அடிப்பிடிக்காது. தண்ணீர் ஊற்றினால்தான் விசில் வரும் என்பதால், இரவே ஊற்றிவைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.