மோட்டார் ஓடையும் மேம்பாலமும்: வடிவமைப்பால் நகரம் திருந்துமா?

நாலுவழி:
பக்கத்து இழையில் நடைவண்டி எழுதியது இது: "நகர வடிவமைப்பைச் சரிசெய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். சியோலில் மேம்பாலத்தை இடித்தார்கள், ஆறு திரும்பி வந்தது." திரும்பி வந்ததாம்! கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையா திரும்பி வர? சியோங்கேசியோன் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கும் தண்ணீர். நாளுக்குச் சுமார் 1,20,000 டன். மோட்டாரை நிறுத்தினால் ஓடையும் நின்றுவிடும். இதற்கா இவ்வளவு ஆட்டம்?

நடைவண்டி:
தண்ணீர் எங்கிருந்து வந்தால் உங்களுக்கு என்ன? 2003 வரை அங்கே தலைக்கு மேல் மேம்பாலம், அதன் கீழே சாலை, அதற்கும் கீழே கான்கிரீட் போட்டு மூடிய ஓடை. 2005 அக்டோபரில் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு மக்கள் இறங்கி நடக்க இடம் கிடைத்தது. கோடையில் பக்கத்துச் சாலைகளைவிட ஓடைக்கரை சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது. ஊரே ஸ்தம்பிக்கும் என்றார்கள், ஸ்தம்பிக்கவில்லை. அந்த வருத்தம்தான் உங்களுக்கு.

நாலுவழி:
குளிர்ச்சி சரி. தண்ணீர்? மோட்டார் தண்ணீர். ஊர் ஏன் ஸ்தம்பிக்கவில்லை என்று யோசித்தீர்களா? 2004 ஜூலையில் பேருந்து வழித்தடங்களை மொத்தமாகக் கலைத்து அடுக்கினார்கள். சாலை நடுவில் பேருந்துக்குத் தனித்தடம் போட்டார்கள். பேருந்து, மெட்ரோ இரண்டுக்கும் சேர்த்துத் தூரக் கணக்கில் கட்டணம் வைத்தார்கள். இதெல்லாம் நிர்வாகம். படம் வரைகிறவர்கள் இதில் பெயர் வாங்க வேண்டாம்.

திண்ணைக்காரி:
சாலை நடுவில் தடம் ஒதுக்குவது வடிவமைப்பு இல்லாமல் சமையலா? ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை அகலமாக்கி 2008இல் முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். 2011க்கும் 2014க்கும் இடையில் அங்கே மாலைநேரப் பயண நேரம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. இடம் கொடுக்கக் கொடுக்க வண்டி வந்து சேரும். அங்கே மோட்டார் எல்லாம் வண்டிக்குள்ளேதான் இருந்தது, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

நாலுவழி:
ஹூஸ்டனில் ஜனத்தொகை ஏறியது, நெரிசலும் ஏறியது. இதில் அதிசயம் என்ன? அப்புறம், ரவுண்டானா இழையில் பதில் சொல்லாமல் பாதியில் காணாமல் போன திண்ணைக்காரி நீங்கள்தானே?

திண்ணைக்காரி:
நான் எங்கும் போகவில்லை. ஒரே பதிவை நீங்கள் திரும்பத் திரும்ப ஒட்டியதால் மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார். வரலாற்றை மாற்றாதீர்கள்.

வெறும்பார்வை:
மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?

வரைபலகை:
துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரேசிலியா 1960இல் தலைநகரானது. வானத்திலிருந்து பார்த்தால் விமானம் மாதிரி அழகான திட்டம். தரையில் இறங்கினால் அகலச் சாலையைக் கடக்கவே நடந்து களைக்க வேண்டும். கோபன்ஹேகனில் அதற்கு நேரெதிர். 1962இல் ஸ்ட்ரோயெட் தெருவைக் கார்களுக்கு அடைத்தபோது கடைக்காரர்களே எதிர்த்தார்கள். இன்றும் அது நடக்கிறவர்களின் தெருதான், கடைகளும் நிறைந்து கிடக்கின்றன. கட்டடங்களின் வாசல் தெருவைப் பார்க்கிறதா, குறுக்குத் தெருக்கள் நெருங்கி இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஓடையை விடுங்கள்.

நாலுவழி:
ஏன் விட வேண்டும்? ஓடையை இழுத்து வந்தது நானா? கோபன்ஹேகனில் தண்ணீர் இறைக்கவில்லை, அதனால் அந்த உதாரணம் இங்கே செல்லாது. "துறையில் இருப்பவன்" என்று ஆரம்பிக்கிற ஆள் யாரும் இதுவரை கணக்கு கொடுத்துப் பார்த்ததில்லை. மோட்டாருக்கு மின்சாரம் யார் கொடுக்கிறார்கள்? வருடா வருடம் யார் கட்டுகிறார்கள்? அதைச் சொல்லுங்கள்.

வரைபலகை:
மேம்பாலத்துக்குப் பராமரிப்புச் செலவு கிடையாதா? அது பழுதாகி, பழுது பார்க்கவே பெரும் தொகை கேட்டதால்தான் இடிக்கும் பேச்சே வலுத்தது. என் அனுபவத்தைக் கிண்டல் செய்பவருக்கு இதற்குமேல் பதில் இல்லை.

கரையோரம்:
எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளைப் பற்றி ஒருவராவது கேட்டீர்களா? பலரைத் தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்குள் அனுப்பினார்கள். சில வருடங்களில் அந்த அரங்கத்தையும் இடித்துப் பெரிய வடிவமைப்பு மாளிகை கட்டினார்கள், 2014இல் திறந்தார்கள். ஓடையைத் திறந்த மேயர் 2008இல் நாட்டுக்கே அதிபரானார். வாழத் தகுந்த நகரம் சரி, யார் வாழ?

நடைவண்டி:
கரையோரம் சொல்வது வேறு பிரச்சினை, தனி இழை தொடங்குங்கள்.

கரையோரம்:
உங்களுக்குச் சாதகமில்லாதது எல்லாம் தனி இழையா? நல்லது.

நாலுவழி:
நடைவண்டி, நழுவ வேண்டாம். ஒரே கேள்வி. தண்ணீர் இறைக்கிறார்களா, இல்லையா?

நடைவண்டி:
இறைக்கிறார்கள். குழாயில் வரும் தண்ணீரையும் இறைத்துத்தான் குடிக்கிறீர்கள். அதற்காக தாகம் பொய்யா?

நாலுவழி:
ஆக, மோட்டார் தண்ணீர். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணைக்காரி:
இதை நாலாவது முறையாகச் சொல்கிறார். மட்டுறுத்துநர் இருக்கிறீர்களா?

நாலுவழி:
அழைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டானா இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.