புதுப்பிப்பு: வால்பாறை மழைக்குப் பின் எந்த பைனாகுலர் வாங்கினேன்?

ஆடி மாத வால்பாறை மழையில் பழைய பைனாகுலருக்குள் ஆவி படிந்து, மலை இருவாச்சிப் பறவை ஈரத்துணிபோலத் தெரிந்த கதையைச் சொல்லி, 8×42 வாங்கலாமா, 10×42 வாங்கலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? இரண்டும் இல்லை. 8×32 வாங்கிவிட்டேன். (முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கம் என்பது; இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்.)

காரணம் என் கழுத்து. கடையில் 42-ஐ மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றதிலேயே பிடரி வலித்தது. நான் வாங்கிய 8×32 அரைக் கிலோதான். பத்து மடங்கு பெருக்கம் என் கைநடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கிக் காட்டியது.

சிறிய லென்ஸில் வெளிச்சம் குறையும் என்று நீங்கள் எச்சரித்ததும் உண்மைதான். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; 32-க்கு 4 மி.மீ. மட்டுமே. 2024-இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நம் திருப்பூர் நஞ்சராயன் குளத்தில், விடியும் முன் நீலத்தாழைக்கோழி வெறும் கரிய உருவமாகத்தான் நின்றது. வெளிச்சம் வந்ததும் அதன் செந்நிற நெற்றிப்பட்டைவரை துல்லியம்.

‘நீர்த்துளி தாங்கும்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். நைட்ரஜன் நிரப்பி அடைத்ததா என்று கேளுங்கள். உள்ளே ஈரக்காற்று இல்லாவிட்டால்தான் ஆவி படியாது. சந்தேகத்தில் வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தினேன். “ஏனுங்க, காசு கொடுத்து வாங்கியதை யாராவது ஊறப்போடுவார்களா?” என்றார் வீட்டம்மா. ஒன்றும் ஆகவில்லை.

ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் லென்ஸ் மூடி ஒன்றைத் தொலைத்துவிட்டேன். தனியாக எங்கே கிடைக்கும்?