பில்ட் ஓகே, கிட்டில் மாற்றமே இல்லை: சிமேக் பாதைச் சிக்கல்

எங்கள் குழுவில் ஒருவர், ஓர் அவசரத் திருத்தத்துக்காக சி++ ப்ராஜெக்ட் கோப்புறையை உள்ளே இருந்த பில்ட் கோப்புறையோடு சேர்த்து வேறொரு பெயரில் காப்பி எடுத்தார். காப்பியில் இருந்த சொல்யூஷன் கோப்பை விஷுவல் ஸ்டுடியோவில் திறந்து, கோடைத் திருத்தி, பில்டும் செய்தார். ஒரு எரர்கூட இல்லை. ஆனால் அதே கோப்புறையில் கிட் ஸ்டேட்டஸ் (எந்தக் கோப்பு மாறியது என்று காட்டும் கட்டளை) கொடுத்தால் எதுவுமே மாறவில்லை என்கிறது. அங்கிருக்கும் எக்ஸிஇயை ஓட்டினால் பழைய பிழை அப்படியே வருகிறது.

எடிட்டர் டேப் மேல் மவுஸை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திறந்திருந்தது பழைய கோப்புறையின் கோப்பு. ப்ராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்தோம். ஒவ்வொரு சோர்ஸ் கோப்புக்கும் டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும் முழுப் பாதை, அத்தனையும் பழைய இடம். எக்ஸிஇ போய் விழுவதும் அங்கேதான்.

விஷுவல் ஸ்டுடியோவுக்கான இந்த ப்ராஜெக்ட் கோப்புகளை எங்களுக்கு உருவாக்கித் தருவது சிமேக் என்ற கருவி. அது எழுதித் தரும் கோப்புகள் இப்படித்தான் இருக்கும். ரிலேட்டிவ் பாத் (டிரைவ் எழுத்து இல்லாமல், ப்ராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதை) எழுதச் சொல்ல முன்பு ஒரு மாறி (வேரியபிள்) இருந்தது. அரைகுறையாகத்தான் வேலை செய்தது, 2015இல் வந்த 3.4 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். இதே வேலையைச் செய்யும் ப்ரீமேக் என்ற கருவி ரிலேட்டிவாகவே எழுதும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

பழைய கோப்புறை அழிந்து போயிருந்தால் முதல் பில்டிலேயே ‘கோப்பைக் காணோம்’ என்று நின்றிருக்கும், நாங்களும் பிழைத்திருப்போம். அது பத்திரமாக இருந்ததுதான் ஆபத்து. எரர் தராத தவறான பாதைதான் என்னைப் பயமுறுத்துகிறது. தப்பான கோடு வாடிக்கையாளர் வரை போய்விடும்.

தயவுசெய்து ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு ப்ராஜெக்ட் கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். சிமேக் அடுத்த முறை ஓடும்போது அது போய்விடும். சிமேக் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் கேச் கோப்பிலும் பழைய பாதைதான் பதிந்திருக்கும். எந்தக் கோப்புறைக்காக உருவானது என்று அந்தக் கேச் கோப்பின் ஆரம்பத்திலேயே கமெண்டாக இருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள். நாங்கள் காப்பியில் இருந்த பில்ட் கோப்புறையை மொத்தமாக அழித்து, சிமேக்கைப் புதிதாக ஓட்டினோம். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. அப்புறம் பழைய கோப்புறையில் விழுந்திருந்த திருத்தங்களை கிட் டிஃப் எடுத்து இங்கே கொண்டுவந்தோம்.

இப்போது யாரும் கோப்புறையைக் காப்பி எடுப்பதில்லை, கிட் வொர்க்ட்ரீதான் (அதே ரெப்போவுக்கு கிட்டே அமைத்துத் தரும் இன்னொரு வேலைக் கோப்புறை). பில்ட் கோப்புறை கிட் இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில்) இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான அமைப்புகளை சிமேக் ப்ரீசெட் கோப்பில் போட்டு, அதை மட்டும் கிட்டில் ஏற்றுகிறோம். இதற்கு சிமேக் 3.19 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும்.